எச்பிவி 16 பாசிட்டிவ், பயாப்ஸில சிஐஎன் 1: கோல்போஸ்கோப்பி ரிசல்ட்டை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நீங்க எழுதினதை முதல்ல ஒரு தடவை திருப்பிச் சொல்லிடறேன், ஏன்னா அதுல ரெண்டு மூணு கேள்வி ஒண்ணோட ஒண்ணு கலந்திருக்கு. உங்களுக்கு 38 வயசு, எச்பிவி (கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு காரணமான வைரஸ்) டெஸ்ட்ல 16ஆம் டைப் பாசிட்டிவ், கர்ப்பப்பை வாய் செல்லை எடுத்து பாக்கற பாப் ஸ்மியர் நார்மல், அதனால கோல்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாயை லென்ஸ் வழியா பெருசாக்கி பாக்கற டெஸ்ட், பண்ணிருக்காங்க, லேசா வெள்ளையா ஒரு இடம் தெரிஞ்சு அதுல ஒரே ஒரு பயாப்ஸி (லேப்ல பாக்க ஒரு சின்ன சதைத் துண்டு) எடுத்திருக்காங்க, ரிப்போர்ட் சிஐஎன் 1 (கேன்சருக்கு முந்தின செல் மாற்றத்துக்கு போடற 1லேர்ந்து 3 வரைக்கும் உள்ள படியில லேசானது), ஒரு வருஷம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் நெட்ல "கோல்போஸ்கோப்பி மூணுல ஒண்ணை விட்டுடும்"னு படிச்சதுலேர்ந்து தூக்கம் இல்லன்னு எழுதிருக்கீங்க. கூடவே 61 வயசு அம்மாவுக்கும் இந்த டெஸ்ட் பண்ணிடலாமான்னு கேட்டிருக்கீங்க. சுருக்கமா, எனக்குள்ள பெருசா ஏதாவது இருந்து இவங்க கண்ணுக்கு தப்பிச்சிருக்குமா, ஒரு வருஷம் சும்மா இருக்கறது ஆபத்தா, இதுதான் உங்க பயம். நான் பெண்கள் நல மருத்துவர், கோல்போஸ்கோப்பி கிளினிக்ல பல வருஷமா வேலை பாக்கறேன், அதனால தெரிஞ்சதை சொல்றேன். ஆனா உங்க படத்தையோ ஸ்லைடையோ நான் பாக்கல, அதனால இதை உங்க டாக்டர்கிட்ட பேசறதுக்கு ஒரு துணையா மட்டும் வெச்சுக்கோங்க.

முதல்ல அந்த "மூணுல ஒண்ணு". அந்த எண்ணு பொய் இல்ல, ஆனா அதை நீங்க புரிஞ்சுக்கிட்ட விதம் தப்பு, தொண்ணூறு சதவீதம் பேர் அப்படித்தான் புரிஞ்சுக்கறாங்க. கோல்போஸ்கோப்பி பண்ணிக்கிட்ட எல்லா பெண்கள்லயும் மூணுல ஒருத்தருக்கு தப்பு நடக்குதுன்னு அதுக்கு அர்த்தம் கிடையாது. ஏற்கனவே பெரிய மாற்றம், அதாவது சிஐஎன் 2, 3 மாதிரி, உள்ள இருக்கற பெண்களை மட்டும் எடுத்துக்கிட்டா அவங்கள்ல மூணுல ஒருத்தர்கிட்ட முதல் தடவை ஒரே பயாப்ஸில அது சிக்காம போகலாம், அவ்வளவுதான். அமெரிக்காவுல கைசர் பெர்மனன்டேங்கற அமைப்புல பத்து லட்சத்துக்கும் மேல பெண்களோட ரெக்கார்டை வெச்சு கணக்கு போட்டிருக்காங்க, எச்பிவி 16 பாசிட்டிவ், பாப் நார்மல்னு உங்களை மாதிரி வந்தவங்கள்ல நூத்துக்கு சுமார் 5 பேருக்குதான் அந்த நேரத்துல சிஐஎன் 3 இல்லன்னா அதுக்கு மேல இருந்தது. அந்த அஞ்சுல மூணுல ஒண்ணு தப்பினாகூட நூத்துக்கு ஒண்ணு, ரெண்டு பேர்தான் ஆச்சு. அங்க ரெகுலரா ஸ்க்ரீனிங் நடக்குது, நம்ம ஊர்ல இது வரைக்கும் ஒரு தடவைகூட டெஸ்ட் பண்ணிக்காதவங்களுக்கு அந்த 5 கொஞ்சம் கூடுதலாவே இருக்கும், இருந்தாலும் உங்களுக்கு இருக்கற ரிஸ்க் 33 சதவீதம் கிடையாதுங்கறதை மட்டும் இன்னிக்கு மனசுல போட்டுக்கோங்க.

இப்ப அந்த டெஸ்ட்ல உண்மையா என்ன நடக்குதுன்னு சொன்னாதான் எங்க தப்பும்னு புரியும். 1925 வாக்குல ஜெர்மனியோட ஹாம்பர்க்ல ஹின்செல்மன்ங்கற டாக்டர் இந்தக் கருவியை கொண்டு வந்தார், அடிப்படை இன்னிக்கும் அதேதான், நல்ல வெளிச்சம், கர்ப்பப்பை வாயைப் பெருசாக்கிக் காட்டற லென்ஸ். அதுல 3லேர்ந்து 5 சதவீத அசிட்டிக் ஆசிட் தடவி ஒரு நிமிஷம் போல காத்திருப்போம், உட்கரு பெருசாகி நெருக்கமா இருக்கற செல் கூட்டம் வெள்ளையா மாறும். பச்சை ஃபில்டர் போட்டு ரத்தக்குழாய் எப்படி ஓடுதுன்னு பாப்போம், அப்புறம் அயோடின் தடவினா நார்மல் தோல்ல கிளைக்கோஜன் இருக்கறதால அடர் பழுப்பா பிடிக்கும், மாற்றம் இருக்கற இடம் மஞ்சளாவே நிக்கும். சிக்கல் என்னன்னா வெள்ளையா மாறற எல்லாமே கெட்டது கிடையாது. இன்ஃபெக்‌ஷன் ஆறிட்டு வர்ற இடம், வளர்ந்துக்கிட்டு இருக்கற இளம் தோல், எல்லாமே லேசா வெளுக்கும். அடர்த்தியான வெள்ளை, கத்தி வெச்சு வெட்டின மாதிரி ஓரம், கரடுமுரடா புள்ளி புள்ளியா ரத்தக்குழாய் இதெல்லாம் சேர்ந்து இருந்தா பெருசுன்னு தைரியமா சொல்லலாம். நடுவுல இருக்கற மங்கலான வெள்ளைதான் எங்களுக்கு தலைவலி, உங்களுக்கு தெரிஞ்சது அந்த ரகம்னு உங்க வார்த்தையிலேர்ந்து தோணுது.

சரி, எண்ணுக்கு வருவோம். 1998ல அது வரைக்கும் வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து ஒரு கணக்கு போட்டாங்க. நார்மலா, ஏதோ மாற்றம் இருக்கான்னு மட்டும் பிரிக்கச் சொன்னா கோல்போஸ்கோப்பி இருக்கறதுல 96 சதவீதத்தை பிடிக்குது, ஆனா நார்மலா இருக்கறவங்கள்ல பாதிக்கு மேல பேரை "ஏதோ இருக்கு"ன்னு சொல்லிடுது, ஏன்னா ஸ்பெசிஃபிசிட்டி, அதாவது நார்மலை நார்மல்னு சரியா சொல்ற அளவு, 48 சதவீதம்தான். பெரிய மாற்றமா சின்னதான்னு பிரிக்கச் சொன்னா 85 சதவீதம் பிடிக்குது, ஸ்பெசிஃபிசிட்டி 69க்கு வருது. ரொம்ப நாள் இதைத்தான் எல்லாரும் பாடமா படிச்சாங்க, 96ன்னா பிரமாதம்னு நினைச்சாங்க.

ஆனா அந்த 96க்குள்ள ஒரு ஓட்டை இருக்கு, இந்த விஷயத்துல எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு நான் ஆசைப்படறது இதைத்தான். பழைய ஆய்வுகள்ல டாக்டர் கண்ணுக்கு வெள்ளையா தெரிஞ்ச இடத்துல மட்டும் சதை எடுப்பாங்க, அதை லேப்ல பாத்து ஆமா மாற்றம் இருக்குன்னா கோல்போஸ்கோப்பி ஜெயிச்சிடுச்சு. கண்ணுக்கு தெரியாத இடத்துல யாரும் சதை எடுக்கவே இல்ல, அப்ப அங்க என்ன இருந்ததுன்னு யாருக்கும் தெரியாது, தப்பினது கணக்குலயே வராது. சீனாவுல ஷான்ஸி மாகாணத்துல நடந்த ஒரு பெரிய ஆய்வுல இதை உடைச்சாங்க. அங்க கண்ணுக்கு நார்மலா தெரிஞ்ச பகுதியிலயும் கர்ப்பப்பை வாயை நாலா பிரிச்சு ஒவ்வொரு கால் பகுதியிலேர்ந்தும் ஒரு துண்டு எடுத்தாங்க, வாய்க்கு உள்ள சுரண்டியும் எடுத்தாங்க. கடைசியில சிஐஎன் 2 அல்லது அதுக்கு மேல கண்டுபிடிச்ச 364 பெண்கள்ல, டாக்டர் பாத்து சந்தேகப்பட்டு எடுத்த பயாப்ஸில சிக்கினது 57 சதவீதம்தான், 37 சதவீதம் நார்மலா தெரிஞ்ச இடத்துல குத்துமதிப்பா எடுத்த துண்டுலதான் கிடைச்சது, மிச்சம் அஞ்சரை சதவீதம் உள்ளே சுரண்டினதுல. 2004ல இது வந்தப்போ பெரிய அதிர்ச்சி, கண்ணை மட்டும் நம்பினா இவ்வளவு தப்புமான்னு.

அதுக்கப்புறம் இன்னொரு கேள்வி வந்தது, அப்ப திறமையான டாக்டர்கிட்ட போனா தப்பாதா? அமெரிக்காவுல ஆல்ட்ஸ்னு ஒரு பெரிய ட்ரயல் நடந்தது, லேசான பாப் மாற்றம் வந்த பெண்களை ரெண்டு வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. அதுல மொத்தமா சிஐஎன் 3 வந்தவங்கள்ல முதல் கோல்போஸ்கோப்பி பயாப்ஸில பெரிய மாற்றம்னு தெரிஞ்சது சுமார் 70 சதவீதம் பேருக்குதான், நீங்க படிச்ச "மூணுல ஒண்ணு" அனேகமா இங்கேர்ந்துதான் கிளம்பிச்சு. இதுல நர்ஸ் பண்ணாங்களா, கைனகாலஜிஸ்ட்டா, கேன்சர் ஸ்பெஷலிஸ்ட்டாங்கறது பெரிய வித்தியாசம் பண்ணல. எத்தனை துண்டு எடுத்தாங்கங்கறதுதான் வித்தியாசம் பண்ணுச்சு, ஒண்ணு எடுத்தா 68 சதவீதம், ரெண்டு எடுத்தா 82. பின்னாடி 2015ல ஓக்லஹோமாவுல 690 பெண்கள்கிட்ட இதையே குறிவெச்சு செஞ்சு பாத்தாங்க, ஒரு பயாப்ஸின்னா 61 சதவீதம், ரெண்டுன்னா 86, மூணுன்னா 96. அரிசி மூட்டையில குத்தூசி போட்டு பாக்கற வியாபாரி ஒரே ஒரு இடத்துல குத்திட்டு மூட்டைக்கு விலை பேச மாட்டார் பாருங்க, அதே நியாயம்தான். இன்னிக்கு அமெரிக்க கோல்போஸ்கோப்பி சங்கம் சொல்றது, வெள்ளையா தெரியற எல்லா இடத்துலேர்ந்தும் ரெண்டுலேர்ந்து நாலு துண்டு எடுங்க, ரிஸ்க் ரொம்ப கம்மியா இருந்து, கண்ணுக்கும் ஒண்ணுமே தெரியலன்னா மட்டும் எடுக்காம விடலாம். எச்பிவி 16 இருக்கற உங்களை அந்த "ரொம்ப கம்மி" லிஸ்ட்ல சேர்க்க முடியாது. நம்ம ஊர்ல ஒரே துண்டு எடுக்கறது நிறைய இடத்துல வழக்கமா இருக்கு, வலிக்கும்னு நினைச்சும், லேப் செலவு ஏறும்னு நினைச்சும் அப்படி பண்றாங்க, எனக்கு இதுல உடன்பாடு இல்ல, இன்னொரு துண்டு எடுக்க கூடுதலா ஆகறது கொஞ்ச நேரம்தான்.

நர்ஸ் பத்தி சொன்னதும் திண்டுக்கல் ஞாபகம் வருது, இதை நம்ம மாவட்டத்து ஆளுங்களே மறந்துட்டாங்கன்னு எனக்கு வருத்தம். 2000லேர்ந்து திண்டுக்கல் மாவட்டத்து கிராமங்கள்ல 30லேர்ந்து 59 வயசு வரைக்கும் இருக்கற பெண்களுக்கு நர்ஸுங்களே அசிட்டிக் ஆசிட் தடவி பாத்து, பாசிட்டிவ் வந்தவங்களுக்கு அன்னிக்கே கோல்போஸ்கோப்பி பண்ணி, பயாப்ஸி எடுத்து, தேவைப்பட்டவங்களுக்கு உறைய வைக்கற சிகிச்சையும் கொடுத்தாங்க. 31,000க்கு மேல பெண்கள் வந்தாங்க. ஸ்க்ரீனிங் இல்லாத ஊர்களோட ஒப்பிட்டப்போ கர்ப்பப்பை வாய் கேன்சர் 25 சதவீதமும் அதனால வர்ற சாவு 35 சதவீதமும் குறைஞ்சதுன்னு 2007ல லான்செட்ல வந்தது. கண்ணு சில இடத்துல தப்பினாலும், வந்தவங்களை அலைய விடாம அதே நாள்ல கையோட பாத்து அனுப்பினதுல உயிர் பிழைச்சிருக்கு.

பயாப்ஸி எடுத்தாச்சு, அப்பவாவது முடிவு உறுதியான்னா அங்கயும் ஒரு மனுஷக் கண்ணு இருக்கு, பாத்தாலஜிஸ்ட் கண்ணு. அதே ஆல்ட்ஸ் ட்ரயல்ல சிஐஎன் 1னு ரிப்போர்ட் ஆன 887 பயாப்ஸியை வேற நிபுணர்கள் திரும்ப பாத்தாங்க, 43 சதவீதம்தான் சிஐஎன் 1னே நின்னுச்சு, 41 சதவீதம் நார்மல்னு இறங்கிடுச்சு, 13 சதவீதம் சிஐஎன் 2 அல்லது மேலன்னு ஏறிடுச்சு. உங்க ரிப்போர்ட்டும் சிஐஎன் 1தான், அதனால இது உங்களுக்கு நேரா சம்பந்தப்பட்ட எண்ணு. ஏறினதை விட மூணு மடங்கு இறங்கிருக்குங்கறதையும் கவனிங்க. ஸ்லைடை ரெண்டாவது பாத்தாலஜிஸ்ட்கிட்ட காட்டலாம், நடுவாந்தரமா சந்தேகம் இருந்தா பி16னு ஒரு ஸ்டெயின் போட்டு பாப்பாங்க, அது பெரிய மாற்றத்தையும் வெறும் வைரஸ் பாதிப்பையும் பிரிச்சுக் காட்ட நல்லா உதவுது.

இன்னொரு முக்கியமான இடம் கர்ப்பப்பை வாயோட உள் பாதை. மாற்றம் ஆரம்பிக்கறது வெளித்தோலும் உள்தோலும் சந்திக்கற கோட்டுல, அந்தக் கோடு முழுசா கண்ணுக்கு தெரிஞ்சா டைப் 1, கொஞ்சம் உள்ள போய் முயற்சி பண்ணா தெரிஞ்சா டைப் 2, முழுசா தெரியவே இல்லன்னா டைப் 3னு ரிப்போர்ட்ல எழுதணும். மேல சொன்ன எண்ணெல்லாம் பெரும்பாலும் கோடு நல்லா தெரிஞ்சவங்களை வெச்சு போட்டது, டைப் 3ல "ஒண்ணும் தெரியல"ன்னா அதுக்கு மதிப்பே கம்மி, அங்க உள்ள சுரண்டி எடுத்தே ஆகணும். சுரப்பி செல்லுல வர்ற மாற்றம்னு ஒரு வகை இருக்கு, அது உள் பாதையில ஒளிஞ்சு இருக்கும், நடுவுல இடம் விட்டு விட்டு இருக்கும், வெள்ளையாவும் ஒழுங்கா மாறாது, கோல்போஸ்கோப்பி அதை பிடிக்கறதுல பலவீனம்தான், அதை யாரும் மறைக்கறதுல அர்த்தம் இல்ல.

இது வரைக்கும் சொன்னது ஓரளவு உறுதியான விஷயம். சந்தேகமா இருக்கறது எதுன்னா, குத்துமதிப்பா எடுத்த துண்டுல சிக்கற மாற்றங்கள் பெரும்பாலும் சின்னதா, மெல்லிசா இருக்கு, அதெல்லாம் விட்டிருந்தா கேன்சர் வரைக்கும் போயிருக்குமா இல்ல தானா மறைஞ்சிருக்குமாங்கறதுல இன்னும் ஒத்த கருத்து கிடையாது, கையில கிடைச்சா சிகிச்சை பண்ணாம விட்டு பாக்க முடியாதே. ஆல்ட்ஸ்ல ரெண்டாவது வருஷம் கண்டுபிடிச்சதுல எது முதல் நாள் தப்பினது, எது அப்புறம் புதுசா வளர்ந்ததுன்னும் பிரிக்க முடியாது, அதனால அந்த 70 சதவீதம் கோல்போஸ்கோப்பிக்கு கொஞ்சம் அநியாயமான மார்க்னுகூட சொல்லலாம். படத்தை கம்ப்யூட்டரே பாத்து சொல்ற ஏஐ கருவிகள் பத்தி நிறைய விளம்பரம் வருது, ஒரு ஆஸ்பத்திரி படத்துல நல்லா வேலை செஞ்சது வேற கேமராவுல, வேற ஊர்ல சறுக்குது, பயாப்ஸிக்கு பதிலா அதை வைக்கற நிலைமை இன்னும் வரல.

ஒரு வருஷம் காத்திருக்கறது ஆபத்தான்னு கேட்டீங்க. இதுக்கு பதில் ஒரு கசப்பான சம்பவத்துலேர்ந்து வருது. நியூசிலாந்துல ஆக்லாந்து நேஷனல் விமன்ஸ் ஆஸ்பத்திரியில 1960கள், 70கள்ல சிஐஎன் 3 வந்த பல பெண்களுக்கு அவங்ககிட்ட சொல்லாமலே சரியான சிகிச்சை கொடுக்காம விட்டு பாத்தாங்க, 1987ல விசாரணை கமிஷன் வெச்ச அளவுக்கு அது பெரிய அநியாயம். அவங்க ரெக்கார்டை வெச்சு 2008ல வந்த ஆய்வு, சிகிச்சை சரியா இல்லாத சிஐஎன் 3ல 30 வருஷத்துல சுமார் 31 சதவீதம் பேருக்கு கேன்சர் ஆச்சு, ஒழுங்கா சிகிச்சை எடுத்தவங்களுக்கு 0.7 சதவீதம்தான்னு சொல்லுது. அந்தப் பெண்கள் கொடுத்த விலையில நமக்கு ரெண்டு விஷயம் தெரிஞ்சது, சிஐஎன் 3ஐ கண்டிப்பா விடக்கூடாது, அதே சமயம் அது வளர பல வருஷம் எடுக்குது. அதனால உங்க கேஸ்ல சிஐஎன் 3 ஒண்ணு தப்பியே இருந்தாகூட 12 மாசத்துல திரும்ப பாத்தா அனேகமா கேன்சர் ஆகறதுக்கு முன்னாடியே பிடிச்சிடலாம், உங்க டாக்டர் சொன்ன ஒரு வருஷம் அலட்சியத்துல சொன்னது இல்ல, சர்வதேச வழிமுறையும் சிஐஎன் 1க்கு அதையேதான் சொல்லுது. நான் நிஜமா பயப்படறது அந்த பன்னிரண்டாவது மாசத்துல வராம போறவங்களை நினைச்சுதான், ஸ்கூல் பரீட்சை, வீட்ல கல்யாணம், மாமியாருக்கு உடம்பு சரியில்லன்னு ஒரு வருஷம் நாலு வருஷமா ஆயிடுது. நடுவுல உறவுக்கு அப்புறம் ரத்தம் பட்டாலோ, பீரியட்ஸ் இல்லாத நாள்ல ரத்தம் வந்தாலோ, நாத்தத்தோட வெள்ளைப்படுதல் இருந்தாலோ வருஷக் கணக்கெல்லாம் பாக்காம உடனே போங்க.

உங்க டாக்டர்கிட்ட இந்த வாரமே ஒரு தடவை போய் ரிப்போர்ட்டை கையில வெச்சுக்கிட்டு கேளுங்க, கோடு முழுசா தெரிஞ்சதா, டைப் 1, 2, 3ல எதுன்னு எழுதிருக்காங்களா, வெள்ளையா இருந்தது அந்த ஒரே இடமா, வேற இடமும் இருந்து ஒண்ணுல மட்டும் எடுத்தாங்களா, ஸ்வீடு ஸ்கோர் போட்டிருந்தா எத்தனை. அது பத்துக்கு போடற மார்க், 5க்கு கீழன்னா பெருசா இருக்க வாய்ப்பு கம்மி, 8ம் அதுக்கு மேலன்னா பயாப்ஸி என்ன சொன்னாலும் விடக்கூடாது. டைப் 1, ஒரே சின்ன இடம், ஸ்கோர் கம்மின்னு பதில் வந்தா நிம்மதியா ஒரு வருஷம் போகலாம். டைப் 3ன்னோ, ரெண்டு மூணு இடம் இருந்ததுன்னோ, இல்ல எதையுமே எழுதி வைக்கலன்னோ தெரிஞ்சா ஒரு வருஷம் காத்திருக்காம இன்னொரு தடவை, நிறைய கோல்போஸ்கோப்பி பண்ற இடத்துல, ரெண்டு மூணு துண்டு எடுக்கச் சொல்லி பண்ணிக்கறதுல தப்பே இல்ல, கேட்டா டாக்டர் கோவிச்சுப்பாங்கன்னு நினைக்காதீங்க. அதே நேரம் பயத்துல "லீப் பண்ணி எடுத்துடுங்க, கர்ப்பப்பையையே எடுத்துடுங்க"ன்னு மட்டும் போய் நிக்காதீங்க. லீப்ங்கறது மின்சாரக் கம்பி வளையத்தால அந்த இடத்தை வெட்டி எடுக்கறது. சிஐஎன் 1 பெரும்பாலும் தானா சரியாயிடும், எச்பிவியும் நிறைய பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள உடம்பே துடைச்சிடும், லீப் பண்ணா அடுத்த கர்ப்பத்துல குறைப்பிரசவ ரிஸ்க் கூடும், இன்னொரு குழந்தை யோசனை இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. அடுத்த வருஷம் பாப் மட்டும் எடுத்துட்டு வராம எச்பிவி டெஸ்டும் சேர்த்து எடுங்க, அது நெகடிவ் ஆனா பெரிய நிம்மதி, 16 அப்படியே நின்னா பாப் நார்மலா இருந்தாலும் திரும்ப கோல்போஸ்கோப்பி.

அம்மா விஷயத்துல, நேரா கோல்போஸ்கோப்பிக்கு கூட்டிட்டு போகாதீங்க. அது ஸ்க்ரீனிங் டெஸ்ட் கிடையாது, வேற டெஸ்ட்ல சந்தேகம் வந்தவங்களுக்கு பண்றது, யாருக்கு வேணா பண்ணா மேல சொன்ன 48 சதவீத ஸ்பெசிஃபிசிட்டியால தேவையில்லாத பயாப்ஸிதான் மிஞ்சும். மெனோபாஸ் ஆனவங்களுக்கு அந்தக் கோடும் உள்ள போயிடும், பெரும்பாலும் டைப் 3, அதே காரணத்தால ஆரம்ப சுகாதார நிலையத்துல ஆசிட் தடவி கண்ணால பாக்கற டெஸ்டும் அந்த வயசுல சரிவராது. இது வரைக்கும் அவங்க ஒரு டெஸ்டும் பண்ணிக்கலன்னா ஒரு எச்பிவி டெஸ்ட் எடுங்க, சாம்பிளை அவங்களே எடுத்துக் கொடுக்கற வசதி இருக்கற இடமும் உண்டு, கூச்சப்படறவங்களுக்கு அது நல்லது. நெகடிவ்னா கோல்போஸ்கோப்பி பேச்சே வேண்டாம். பாசிட்டிவ்னா, கோல்போஸ்கோப்பிக்கு முன்னாடி கொஞ்ச நாள் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் போட்டா தோல் தெளிவா தெரியும், அவங்களுக்கு அது ஒத்துக்குமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, உள்ளே சுரண்டி எடுக்கறதையும் சேர்த்து பண்ணச் சொல்லுங்க. மெனோபாஸுக்கு அப்புறம் ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தாகூட அம்மாக்கள் வெளிய சொல்ல மாட்டாங்க, அதனால அதை நீங்களே வாய்விட்டு கேட்டுடுங்க, ஆமான்னு சொன்னா எந்த டெஸ்ட் ரிசல்ட்டுக்கும் காத்திருக்காம நேரா கைனகாலஜிஸ்ட்கிட்ட கூட்டிட்டு போங்க.